ஜோடி சேராத மட்டை

கருப்பு நிறத்தில் மொத்தம் பதினேழு கருப்பு உண்டு என்பார் துரைசாமி. பதினாறு வரைக்கும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் ஆம்பூரில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் காலமாகிவிட்டார். இன்னொருவர் கண் ஆபரேஷனுக்குப் பிறகு பதினொன்றுக்கு இறங்கிவிட்டார். ஆகவே இன்றைய தேதிக்குப் பதினேழையும் அறிந்தவர் துரைசாமி ஒருவர்தான். அவர் சொல்வது சரியா என்று சோதித்துப் பார்க்க ஊரில் ஆள் கிடையாது.

ஷூ கம்பெனியில் அவருக்கு அதுதான் வேலை. இடது கால் ஷூ ஒரு மாட்டின் தோலில் பிறந்திருக்கும். வலது கால் ஷூ அந்த மாட்டை ஆயுளில் சந்தித்தே இராத வேறொரு மாட்டின் தோலில் பிறந்திருக்கும். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி ஒரே பெட்டிக்குள் படுக்க வேண்டும். லைனின் கடைசியில் விளக்குக்குக் கீழே நின்று, ஒவ்வொரு ஜோடியாகத் தூக்கிப் பார்த்து, "சேரும்" அல்லது "சேராது" என்று சொல்வார். முப்பத்தொரு வருஷமாக அவர் பேசியதில் பாதி அந்த இரண்டு வார்த்தைகள்தான். ஒருமுறை ஜெர்மனியிலிருந்து ஷூ வாங்க வந்த பையர் நிறம் அளக்கிற மெஷின் ஒன்றைக் கையோடு கொண்டுவந்தார். மெஷின் சேரும் என்றது, துரைசாமி சேராது என்றார். மெஷினை ரிப்பேருக்கு அனுப்பினார்கள். இன்னொரு முறை கேன்டீன் சுவரில் உட்கார்ந்திருந்த இரண்டு காக்கைகளைப் பார்த்து, இது ஜோடி இல்லை என்றார். மறுநாளிலிருந்து ஒரு காக்கைதான் வந்தது.

வீட்டிலும் இதே கதைதான். அவர் மனைவி கமலம் ஒரு புடவைக்கு ஜாக்கெட் துணி எடுக்கப் போனால் மூன்று மாதம் ஆகும். ஆம்பூர் பஜாரில் துரைசாமி தலை தெரிந்தால் இரண்டு துணிக்கடைக்காரர்கள் சாப்பாட்டுக்குப் போய்விடுவார்கள்.

இப்படிப்பட்ட மனுஷருக்கு டேபிள் டென்னிஸ் பிடித்துப்போனதற்குக் காரணம் இருந்தது. பந்து ஒன்றே ஒன்று. அதற்கு ஜோடி கிடையாது. காலையிலிருந்து எழுநூறு ஜோடி பார்த்துச் சலித்த கண்ணுக்கு, மத்தியானம் அரைமணி நேரம் தன்னந்தனியாக இங்கும் அங்கும் ஓடுகிற அந்த வெள்ளை உருண்டையைப் பார்ப்பது, வெயிலில் வந்தவன் மோர் குடிக்கிற மாதிரி இருந்தது. கேன்டீனுக்குப் பின்னால் ஒரு ரூம், அதில் ஒரு மேஜை. எதிரில் நின்று ஆடுகிறவர் கட்டிங் செக்ஷன் மக்பூல் அகமது. இருபத்திரண்டு வருஷமாக அதே இரண்டு பேர், அதே மேஜை. மட்டையின் ரப்பர் தேய்ந்தால் செருப்புக்கு அடிக்கிற சோல் ஷீட்டில் மிச்சத் துண்டை வெட்டி ஒட்டிக்கொள்வார்கள். ஆட்டத்தின் சத்தம் வெளியே கேட்டால், யாரோ வேகமாக நடந்து போகிறார்கள் என்றுதான் புதிதாகச் சேர்ந்தவர்கள் நினைப்பார்கள்.

துரைசாமிக்கு ரிட்டயர்மெண்ட்டுக்குப் பதினோரு மாதம் இருந்தது. பணிக்கொடை, பென்ஷன் எதைப் பற்றியும் அவர் கேட்கவில்லை. ஹெச்.ஆர். ஆபீஸில் சௌமியாவிடம் போய், ரிட்டயர்டு ஆன பிறகும் தினம் மத்தியானம் அரைமணி நேரம் கேட்டுக்குள் விடுவார்களா என்று மட்டும் கேட்டார். சௌமியா நல்ல பெண். விடுவோம் என்றுதான் சொல்லியிருந்தாள். ஆனால் பொங்கல் முடிந்த வாரம் அவளே கேன்டீனுக்கு வந்து, டீயை வைத்துக்கொண்டு, மெதுவாக விஷயத்தைச் சொன்னாள்.

"அண்ணே, அந்த ரூமு மேனேஜ்மெண்ட்டுக்கு வேணுமாம். சாம்பிள் ஷூ வைக்க. ரெண்டு பேர் ஆடுறதுக்கு ஒரு ரூமான்னு கேக்குறாங்க, என்னால பதில் சொல்ல முடியலை. காட்பாடி டோர்னமெண்ட்ல பேர் குடுத்து ஒரு கப்பாவது எடுத்துட்டு வாங்க. ஒரே ஒரு கப்பு. மீதியை நான் பேசிக்கிறேன்."

காட்பாடியில் வருஷா வருஷம் மாசிக் கடைசியில் கம்பெனிகளும் ஆஸ்பத்திரிகளும் காலேஜ்களும் ஆள் அனுப்பி ஆடுகிற போட்டி அது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இரட்டையர் ஆட்டம் உண்டு. மக்பூலும் துரைசாமியும் அதற்குப் பேர் கொடுத்தார்கள். பேர் கொடுத்த பிறகுதான், சோல் ஷீட் ஒட்டிய மட்டையோடு போனால் செருப்போடு உள்ளே வராதே என்று வாசலிலேயே சொல்லிவிடுவார்கள் என்று மக்பூலுக்குத் தோன்றியது.

மக்பூலுக்கு மட்டைக் கவலை இல்லை. மருமகன் துபாயிலிருந்து ஒரு மட்டை கொண்டுவந்து கொடுத்திருந்தான். உறை, உறைக்கு ஒரு பை, பைக்கு ஒரு ஜிப். உலகம் முழுக்கப் பேர் தெரிந்த கம்பெனி. துரைசாமியும் அதே கம்பெனியில் ஒன்று வாங்க வேண்டும் என்று மக்பூல் சொன்னார். பேர் உள்ள சாமானாக இருந்தால் பந்தே மரியாதையாகப் போகும் என்பது அவர் கட்சி.

துரைசாமி சிரித்தார்.

"பேருன்றது இன்னா பாய்? நம்ம லைன்ல காலையில ஒரு பேர் ஒட்டி அனுப்புறோம், மத்தியானம் வேற பேர் ஒட்டி அனுப்புறோம். நாலு நாட்டுல நாலு விலைக்கு விக்குது. ஷூ மாறுதா? பேரைப் பார்த்து வாங்குறவன் ஆம்பூர்க்காரனே கிடையாது."

மக்பூல் அத்தோடு பேச்சை விட்டுவிட்டார். அவரும் ஆம்பூர்க்காரர்தான்.

பைபாஸ் ரோட்டில் சர்தார் பாஷாவின் கடை இருக்கிறது. சோல், பக்கிள், லேஸ், கொக்கி, ஷூவில் தோலைத் தவிர மீதி எல்லாம் அங்கே கிடைக்கும். சீனாவிலிருந்து அவருக்கு சோல் ஷீட் அனுப்புகிற ஆசாமி, பக்கத்து ஷெட்டில் டேபிள் டென்னிஸ் சாமானும் செய்கிறானாம். கன்டெய்னரில் இடம் மிச்சம் இருக்கிறதென்று ஒரு அட்டைப்பெட்டி நிறைய சாம்பிள் போட்டு அனுப்பியிருந்தான். கம்பெனியின் பேர் சீன எழுத்தில் இருந்ததால் யாருக்கும் படிக்க வரவில்லை. பாக்கெட்டின் மேல் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றது. கொக்கு மார்க் என்று பேர் வைத்துவிட்டார்கள்.

சர்தார் பாஷாவுக்கு அது இன்ன சாமான் என்று முதலில் தெரியாது. ஸ்பாஞ்ச் ஒட்டிய கருப்பு ரப்பரைப் பார்த்து, ஷூவுக்குள் போடுகிற மெத்தை என்று நினைத்து, வாணியம்பாடிக்காரர் ஒருவருக்கு நாலு ஷீட் விற்றுவிட்டார். வாங்கிப் போட்டுக்கொண்டவரால் அதற்குப் பிறகு மெதுவாக நடக்க முடியவில்லை என்று கேள்வி. பெரிய மசூதிக்குப் போகக் கிளம்பினால் இரண்டு தெரு தாண்டித்தான் நிற்கிறாராம்.

துரைசாமி ஒரு சனிக்கிழமை மக்பூலையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனார். முதலில் கட்டைகள். ரப்பர் ஒட்டாத வெறும் மட்டைக்கு பிளேடு என்று பேர். ஏழு பிளேடு இருந்தன. ஒவ்வொன்றையும் கண்ணுக்கு நேராகப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வளைவு பார்த்தார். இரண்டு கழிந்தன. ஓரத்தில் தெரிகிற ஐந்து அடுக்கு மரத்தையும் விரல் நகத்தால் தடவிப் பார்த்தார். ஒன்றில் மூன்றாவது அடுக்குக்கும் நாலாவது அடுக்குக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று தள்ளிவைத்தார். மிச்ச நாலையும் காதுக்குப் பக்கத்தில் வைத்து முட்டியால் தட்டினார். கடைசியாக ஒரு பிளேடை எடுத்து இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, காலியான சாராயப் பீப்பாயில் தட்டியது போலக் கேட்கிறது, இதுதான் என்றார். சர்தார் பாஷாவும் மக்பூலும் தட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்குக் கட்டையைத் தட்டினது போலத்தான் கேட்டது. சாராயப் பீப்பாய்ச் சத்தம் எங்களுக்கு எப்படித் தெரியும் என்று சர்தார் பாஷா வருத்தப்பட்டார்.

அப்புறம் ரப்பர். துரைசாமி சட்டைப்பையிலிருந்து தோலின் கனம் அளக்கிற கேஜை எடுத்தார். தோல்காரர்கள் மில்லிமீட்டரில்தான் யோசிப்பார்கள். நாலு மூலையும் நடுவும் அளந்தார். கட்டை விரலால் ஸ்பாஞ்சை அழுத்தி, அது எழுந்து வர எத்தனை நேரம் ஆகிறது என்று எண்ணினார். முகர்ந்து பார்த்தார். நாக்கில் வைத்துப் பார்ப்பதற்குள் மக்பூல் பிடுங்கிக்கொண்டார்.

நாலு போக, கருப்பு ரப்பர் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதன் மேல் ஒரு பந்தை வைத்து, லேசாக அழுத்தி, ரப்பரைத் தலைகீழாகத் தூக்கினார். பந்து ஒட்டிக்கொண்டு தொங்கியது. அப்போது சர்தார் பாஷாவுக்குப் போன் வந்தது. ராணிப்பேட்டை பார்ட்டி. வெளியே போய்ப் பேசி, லேஸ் விலையில் சண்டை போட்டு, சமாதானமாகி, டீ சொல்லிவிட்டு உள்ளே வந்து பார்த்தார். பந்து இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. துரைசாமி அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கண் லேசாகக் கலங்கியிருந்ததாக மக்பூல் பிற்பாடு சொன்னார்.

பிரச்சினை இங்கேதான் ஆரம்பித்தது. மட்டைக்கு இரண்டு பக்கம். கருப்பு ஒன்றுதான். சிவப்பு நாலு இருந்தன, ஆனால் துரைசாமி கண்ணுக்கு அவை நாலும் நாலு சிவப்பு. ஒரு ஜோடிகூடத் தேறவில்லை.

"ஒரு பக்கம் கருப்பு, ஒரு பக்கம் சிவப்பு ஒட்டிக்கோயேன்," என்றார் சர்தார் பாஷா.

துரைசாமி அவரைப் பார்த்த பார்வையில் சர்தார் பாஷா டீயைக் கீழே வைத்துவிட்டார். இடது காலுக்குக் கருப்பு ஷூவும் வலது காலுக்குச் சிவப்பு ஷூவும் போட்டுக்கொண்டு மகள் நிக்காவுக்குப் போவாயா என்று துரைசாமி கேட்கவில்லை. ஆனால் கேட்ட மாதிரியேதான் இருந்தது.

துபாய் மட்டையும் அப்படித்தானே இருக்கிறது, ஒருவேளை அதுதான் முறையோ என்று மக்பூல் இழுத்தார். டிவியில் ஆட்டம் பார்த்ததே இல்லையா என்று கேட்பீர்கள். துரைசாமி பார்த்திருக்கிறார். பெரிய பெரிய நாட்டு ஆட்டக்காரர்கள் எல்லாம் ஒரு பக்கம் கருப்பும் மறுபக்கம் சிவப்புமாக மட்டை பிடித்து ஆடுவதைப் பார்த்து ரொம்ப இரக்கப்பட்டிருக்கிறார்.

"பாவம் பாய் அவங்க. ஷேடு பார்க்க ஆள் இல்லை. அவ்ளோ பெரிய கம்பெனியில எவனோ ரெண்டு டப்பாவைக் கலந்துட்டிருக்கான். கேக்க நாதியில்லாம அதையே வச்சிக்கினு ஆடுறாங்க. உன் மருமவன் மட்டையும் அந்த லாட்டுதான். குடு, ஒரு நாள்ல சரி பண்ணித் தர்றேன்."

மருமகன் கொடுத்ததில் கை வைக்காதே என்று மக்பூல் மட்டையைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். பிற்பாடு நடந்ததற்கெல்லாம் அந்த ஜிப்புக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

துரைசாமி நாலு சிவப்பில் நல்ல சிவப்பாக ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். ஃபினிஷிங் செக்ஷனில் ஸ்பிரே பூத்தில் நிற்கிற நவநீதன் தோலுக்கு அடிக்கிற கருப்பை மூன்று முறை அடித்துக் கொடுத்தான். துரைசாமி அதை விளக்குப் பெட்டிக்குள் கருப்பு ரப்பரோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், பல்பு வெளிச்சம், மூன்றிலும் பார்த்தார். சொட்டு நீலம் சேர்க்கச் சொன்னார். மறுபடி அடித்தார்கள். ஊசி முனையில் பழுப்பு சேர்க்கச் சொன்னார். மறுபடி அடித்தார்கள். ஒன்பதாவது தடவையில் நவநீதன் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துவிட்டு, எது எது என்று தனக்கே தெரியவில்லை என்று கையெடுத்துக் கும்பிட்டான். துரைசாமிக்கு மட்டும் தெரிந்தது. அரை ஷேடு. அந்த அரை ஷேடுக்காக அவருக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. பதினோராவது கருப்புக்கும் பன்னிரண்டாவது கருப்புக்கும் நடுவில் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது என்று கமலத்திடம் சொன்னார். மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று கமலம் கேட்டாள்.

ஒட்டி முடித்து ஆடிப்பார்த்தபோது அதிசயம் தெரிந்தது. கொக்கு மார்க்கின் நிஜக் கருப்பு பந்தைப் பிடித்துச் சுழற்றி விட்டது. மக்பூல் தொட்டால் பந்து மேஜையை விட்டு ஓடியது. சாயம் அடித்த பக்கமோ பந்துக்கு மயக்க மருந்து கொடுத்தது. சுழலும் இல்லை, வேகமும் இல்லை, வலைக்கு அந்தப் பக்கம் போய் விழுந்து ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. எந்தப் பக்கத்தால் அடிக்கிறார் என்று மக்பூலுக்குத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக மக்பூல் ஐந்து ஆட்டமும் தோற்றார். கப்பு கைக்கு வந்துவிட்ட மாதிரிதான் என்று அவரே சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பாசஞ்சரில் இரண்டு பேரும் காட்பாடியில் இறங்கினார்கள். சௌமியாவும் பார்க்க வந்திருந்தாள். ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஆறு மேஜை போட்டிருந்தார்கள். மேற்பார்வைக்கு இளம்பரிதி என்கிற பி.டி. வாத்தியார். ஆட்டத்துக்கு முன்னால் எல்லோருடைய மட்டையையும் வாங்கிப் பார்த்தார். துரைசாமியின் மட்டையை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார்.

"ஐயா, ரெண்டு பக்கமும் ஒரே கருப்பா இருக்குதே."

துரைசாமி கை கூப்பினார். முப்பத்தொரு வருஷத்தில் ஜெர்மன்காரன்கூட அவரை இப்படி ஒரே வாக்கியத்தில் பாராட்டியதில்லை. கஷ்டப்பட்டதுக்குப் பலன் கிடைத்தது என்று தன்னடக்கத்தோடு சொன்னார்.

இளம்பரிதி கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துவிட்டு விளக்கினார். ஒரு பக்கம் கருப்பு என்றால் மறுபக்கம் சிவப்போ வேறு பளிச்சென்ற நிறமோ இருந்தே ஆக வேண்டும். அதுதான் விதி. இதை வைத்து ஆட விட முடியாது. வேறு மட்டையும் கையில் இல்லை என்றால் பேரை அடித்துவிட வேண்டியதுதான்.

மக்பூல் மெதுவாகச் சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டார். தூரத்தில் சௌமியா ஏதும் புரியாமல் கை ஆட்டினாள். துரைசாமிக்கு அந்த ரூம் கண்ணில் வந்தது. மேஜையை மடித்து வெளியே தூக்குகிறார்கள். உள்ளே சுவர் முழுக்கத் தட்டு அடித்து சாம்பிள் ஷூவை அடுக்குகிறார்கள். அதுவும் சாம்பிள் ஒற்றைக்கால் ஷூ. ஜோடியே இல்லாத ஷூ. அதற்கு ஒரு ரூம்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அடுத்து அவர் சொன்ன வார்த்தையை, தான் செய்த வேலையைப் பார்த்து அவர் அதுவரை சொன்னதே கிடையாது.

"சார், இது சேராது. ரெண்டும் வேற கலர்."

இளம்பரிதி மட்டையை ஜன்னலுக்குக் கொண்டுபோனார். வெயிலில் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுக்கொண்டும் பார்த்தார். துரைசாமி அரை ஷேடு வித்தியாசம் என்று திரும்பச் சொன்னார். சரி என்று இளம்பரிதி அவரைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லி, மட்டையின் மேல் டவலைச் சுற்றி, உள்ளேயே நாலு புரட்டுப் புரட்டி, திரும்பச் சொல்லி ஒரு ஓரத்தை மட்டும் திறந்து காட்டினார். ஒரிஜினல் என்றார் துரைசாமி. மறுபடி புரட்டினார். சாயம் என்றார். ஒரு விரலளவு திறந்தார், ஒரு நகத்தளவு திறந்தார். ஆட்டங்களை நிறுத்திவிட்டு ஹாலே வந்து சுற்றி நின்றது. பத்துக்குப் பத்து. பதினோராவது தடவை துரைசாமி, இது மட்டையே இல்லை, உங்கள் பேனா மூடி என்றார். பேனா மூடிதான்.

"உங்க கண்ணு சரிதான்யா, ஒத்துக்கிறேன்," என்றார் இளம்பரிதி. "ஆனா எதிர்ல நிக்கிறவருக்கு உங்க கண்ணு இல்லையே. எந்தப் பக்கம் அடிக்கிறீங்கன்னு அவருக்குத் தெரியணும். அதுக்குத்தான் ரெண்டு கலரு வச்சிருக்காங்க."

துரைசாமி கண்ணை மூடிக்கொண்டார். டிவியில் பார்த்த அத்தனை ஆட்டக்காரர்களுக்கும் மனசுக்குள் வரிசையாக மன்னிப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். எண்ணிக்கை ஜாஸ்தி, நேரம் ஆயிற்று.

அந்தக் கூட்டத்தில் பிரிசில்லா என்று ஒரு நர்ஸ் நின்றிருந்தாள். பெண்கள் பிரிவில் ஆட வந்தவள். ஆஸ்பத்திரியில் நகப்பூச்சு ஆகாது என்பதால் சனிக்கிழமை சாயங்காலம் பூசி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அழிக்கிறவள். அழிக்கிற மருந்து சீசா எப்போதும் அவள் பையில் இருக்கும். அங்கிள், மேலே அடித்த சாயம்தானே, இது போக்காதா என்று நீட்டினாள். துரைசாமி வாங்கி முகர்ந்தார். ஃபினிஷிங் செக்ஷனில் டிரம் டிரம்மாக இருக்கிற அதே தின்னர்தான், மல்லிகை வாசனை மட்டும் கூடுதல்.

கைக்குட்டையில் நனைத்துத் துடைக்க ஆரம்பித்தார். ஒன்பது தடவை அடித்த கருப்பு. மூன்று நாள் சோறு இறங்காத கருப்பு. கை துடைத்தது, முகம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. நடுவில் சிவப்பு தெரிந்தது. ஓரத்துக்கு வருவதற்குள் சீசா தீர்ந்துவிட்டது. நடுவில் தோசை அளவு சிவப்பு, சுற்றிலும் கருக்கின மாதிரி கருப்பு, அங்கங்கே திட்டு. இப்படி ஒரு ஷூ லைனில் வந்திருந்தால் அவர் தரம் பிரித்திருக்க மாட்டார், போலீஸுக்குச் சொல்லியிருப்பார்.

இளம்பரிதி தள்ளி நின்று பார்த்தார். கிட்ட வந்து பார்த்தார். சிவப்பு தெரிகிறது, ஆடுங்கள் என்றார். அங்கே இருந்தவர்களில் பெரும்பாலானோருக்கு அவர் மனசு இளகியது பேனா மூடியால்தான் என்று அபிப்பிராயம்.

அன்றைக்கு மத்தியானம் ஆம்பூர் ஜோடி நாலு ஆட்டம் ஜெயித்தது. காரணம் கொக்கு மார்க். மருந்து பட்ட நடுப்பகுதி பிசுபிசுவென்று பந்தைப் பிடித்துச் சுழற்றியது. சாயம் மிச்சம் இருந்த ஓரம் மயக்க மருந்து கொடுத்தது. சிவப்புப் பக்கத்தால் அடிக்கிறார் என்று எதிராளிக்கு நன்றாகவே தெரிந்தது. சிவப்பில் எந்த இடம் என்றுதான் தெரியவில்லை. துரைசாமிக்குத் தெரிந்தது. எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டும் சொல்வார். அரக்கோணத்திலிருந்து வந்த ஒருவர் ஆட்டம் முடிந்ததும் அந்தப் பந்தைக் கேட்டு வாங்கி, அறுத்து உள்ளே பார்த்துவிட்டுப் போனார்.

ஃபைனலில் எதிரே வந்தவர்கள் அருணகிரி, சிவகிரி. பாகாயத்தைச் சேர்ந்த இரட்டைப் பிறவிகள். ஐம்பத்திரண்டு வயசு. ஒரே டீ-ஷர்ட், ஒரே கண்ணாடி, ஒரே மீசை. பெற்ற தாயே இருவரையும் சேர்த்துத்தான் கூப்பிடுவாளாம். இரட்டையர் ஆட்டத்தில் ஒரு கூட்டாளி ஒரு பந்து அடித்தால் அடுத்ததை மற்றவர்தான் அடிக்க வேண்டும். முறை தவறினால் பாயிண்ட் போய்விடும். இந்தச் சகோதரர்கள் விஷயத்தில் முறை தவறியதா இல்லையா என்று இதுவரை எந்த நடுவராலும் சொல்ல முடிந்ததில்லை. அவர்கள் ஒன்பது வருஷமாகச் சாம்பியன்.

ஆளுக்கு இரண்டு கேம் ஆயிற்று. ஐந்தாவது கேமில் பத்துக்கு எட்டு என்று சகோதரர்கள் முன்னால் இருந்தார்கள். இன்னும் ஒரு பாயிண்ட் போனால் கப்பு போச்சு, ரூம் போச்சு. அடுத்த பந்தை மக்பூல் அடித்தார், அது மூலைக்குப் போனது, பக்கத்தில் நின்ற சகோதரர் எட்டி அடித்து ஜெயித்துவிட்டார். சகோதரர்கள் கை குலுக்க வந்தார்கள். மக்பூல் மட்டையை உறைக்குள் போட ஆரம்பித்தார்.

துரைசாமி அசையவில்லை. அந்த இரண்டு மீசையையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார்," என்றார் இளம்பரிதியிடம். "இப்ப அடிச்சது அருணகிரி. சிவகிரி அடிக்க வேண்டிய பந்து."

சகோதரர்கள் ஒரே குரலில் இல்லை என்றார்கள். எப்படிச் சொல்கிறீர்கள் என்று இளம்பரிதி கேட்டார்.

"ரெண்டு பேரும் மீசைக்கு ஒரே மை போடுறாங்க. ஆனா ஒரே நாள்ல போடலை. ஆட்டத்துக்கு முன்னாடி பேர் சொல்லிக் கை குடுக்கும்போதே பார்த்து வச்சிட்டேன். அருணகிரி சார் போட்டு ஒரு வாரம் ஆவுது, சிவகிரி சார் நேத்துதான் போட்டிருக்காரு. அவரு ஒன்பதாவது கருப்பு, இவரு பத்தாவது கருப்பு. முழுசா ஒரு ஷேடு சார்."

சகோதரர்கள் ஒருவர் மீசையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறந்த நாளிலிருந்து முதல் தடவையாக உற்றுப் பார்த்தார்கள் என்று தோன்றியது. வேறு யாராவது சொல்லியிருந்தால் இளம்பரிதி சிரித்திருப்பார். இது பேனா மூடியைக் கண்டுபிடித்த கண். எப்போது மை போட்டீர்கள் என்று கேட்டார். போன ஞாயிற்றுக்கிழமை என்றார் அருணகிரி. நேற்று என்றார் சிவகிரி, கொஞ்சம் கோபமாக. பாக்கெட்டைத் தனக்கு மிச்சம் வைக்காமல் அண்ணன் தீர்த்துவிட்டதால் புதிது வாங்க வேண்டியிருந்தது என்றும் சொன்னார்.

பாயிண்ட் ஆம்பூருக்கு வந்தது. பத்துக்கு ஒன்பது.

அதற்குப் பிறகு ஆடினது ஆட்டமே இல்லை. சகோதரர்களுக்கு முறை தவறக்கூடாது என்கிற பயம் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு பந்துக்கும் அண்ணன் தம்பியைப் பார்த்தார், தம்பி அண்ணனைப் பார்த்தார். இவர் அடிப்பார் என்று அவரும் அவர் அடிப்பார் என்று இவரும் விலகி நின்று வழி விட, பந்து இருவருக்கும் நடுவில் மரியாதையாக நடந்து போனது. மூன்று பந்து அப்படிப் போயிற்று. பன்னிரண்டுக்குப் பத்து. மக்பூல் மருமகன் மட்டைக்கு முத்தம் கொடுத்தார். சௌமியா நாற்காலி மேல் ஏறி நின்றாள்.

பரிசளிப்பில்தான் கடைசிச் சோதனை. இரட்டையருக்கு இரண்டு கப்பு, ஆளுக்கு ஒன்று. சிறப்பு விருந்தினர் இரண்டு கையிலும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். துரைசாமியின் கை பாதி வரை நீண்டது. அங்கேயே நின்றுவிட்டது.

மக்பூலுக்கு அந்த முகம் தெரியும். இருபத்திரண்டு வருஷமாகத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு காதோரம் சொன்னார்.

"யோவ் துரை. வேணாம். வாயைத் தொறக்காத. வாங்கு."

"பாய், வலது கையில இருக்குறது மஞ்சள் ஜாஸ்தி."

"இருக்கட்டும்."

"சேராது பாய்."

சிறப்பு விருந்தினரின் புன்னகை களைத்துப்போக ஆரம்பித்தது. போட்டோ எடுக்கிறவர் இன்னொரு முறை இடம் மாறி நின்றார். சௌமியா நாற்காலியிலிருந்து இறங்கினாள். துரைசாமி இடது கையில் இருந்த கப்பைப் பார்த்தார். அதை மட்டும் பார்த்தார். மற்றது கண்ணில் படாதபடி தலையைத் திருப்பிக்கொண்டு பார்த்தபோது, அதில் ஒரு குறையும் இல்லை. ஒரே ஒரு கப்பு என்றுதானே சௌமியாவும் சொல்லியிருந்தாள். சட்டென்று வாங்கிக்கொண்டு மேடையை விட்டு அந்தப் பக்கமாக இறங்கிவிட்டார். மக்பூல் மற்றதை வாங்கிக்கொண்டு இந்தப் பக்கமாக இறங்கினார். ரயிலிலும் இரண்டு பேரும் வேறு வேறு பெட்டியில்தான் ஊருக்கு வந்தார்கள்.

ரூம் தப்பியது. சாம்பிள் ஷூவுக்கு சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இடம் பார்த்தார்கள். துரைசாமி டிசம்பரில் ரிட்டயர்டு ஆனார். தினம் பன்னிரண்டரைக்கு கேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, திட்டுத்திட்டான கொக்கு மார்க் மட்டையோடு உள்ளே வருகிறார். ரூமின் அலமாரியில் ஒரு கப்பு தனியாக நிற்கிறது. இன்னொன்று எங்கே என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். அது மக்பூல் வீட்டில் இருக்கிறது. ஈத் பிரியாணிக்கு துரைசாமி அங்கே போனால், அவர் வருவதற்கு முன்பே அதன் மேல் ஒரு துண்டைப் போட்டுவிடுவார்கள்.

அடுத்த வருஷப் போட்டிக்கு நல்ல கப்பாகத் தேர்ந்தெடுக்கலாம் என்று கமிட்டிக்காரர்கள் ஆசைப்பட்டு, கடைக்குப் போகும்போது துரைசாமியையும் கூடக் கூட்டிக்கொண்டு போனார்கள். மாசியில் நடக்க வேண்டிய போட்டி அந்த வருஷம் ஆடி மாதம் நடந்தது.